பிக்சியை விற்று, ட்ரிக்குக்குத் தாங்கும் பிரேம் எடுப்பது எப்படி: மட்டக்களப்புப் பக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

பிக்சியை, அதாவது சில்லு சுற்றும்வரை பெடலும் சேர்ந்து சுற்றும் பிக்சட் கியர் சைக்கிளை, விற்கப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவது, காசு கைக்கு வந்த பிறகு பிரேம் தேடுவது. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்தப் பிரேம் என்று முடிவாகாமல் பழைய சைக்கிளை முழுதாகக் கொடுத்துவிட்டால், புதிய பிரேமுக்கு அப்படியே பொருந்தியிருக்கக்கூடிய, சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பும் பெடல் பூட்டும் கிராங்கும் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். பிறகு அதே சாமானைக் கொழும்பிலிருந்து முழு விலை கொடுத்து இறக்க வேண்டிவரும். எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் லுமாலா போன்ற சாதாரண சைக்கிளுக்கான சாமான் எல்லாம் கிடைக்கும், பிக்சட் ஹப் கிடைக்காது. அதனால் இந்த வழிகாட்டியிலும் பிரேம் முன்னுக்கு வருகிறது, விற்பனை பின்னுக்கு வருகிறது.

முதலில் உங்களுக்குப் பிரேம் தேவையா?

மட்டக்களப்பு பிக்சட் கியருக்கென்றே படைத்த மாதிரி ஊர். மேடு என்று சொல்ல இருப்பது பாலங்கள்தான். கச்சான் காற்று வீசும் நாளில் கல்லடிப் பாலத்தில் எதிர்க்காற்றில் மிதிப்பதைத் தவிர இந்த ஊரில் பிக்சிக்குப் பெரிய சோதனை கிடையாது. ஆகவே ஓட்டத்துக்கு அது போதாமல் போகவில்லை. போதாமல் போவது நீங்கள் அதை வைத்துச் செய்யத் தொடங்கியிருக்கும் வேலைக்கு.

நின்ற இடத்தில் காலை ஊன்றாமல் நிற்பது, பின்பக்கமாக வட்டம் ஓடுவது, சறுக்கி நிறுத்துவது இவ்வளவுதான் உங்கள் விளையாட்டு என்றால் இருக்கிற பிரேமே காணும். டயரை மட்டும் மாற்றுங்கள். படியிலிருந்து குதிப்பது, இரண்டு சில்லையும் தூக்கி 180 பாகை திரும்புவது, முன்சில்லைத் தூக்கிக்கொண்டு ஹாண்டிலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவது என்று போகிறீர்களா? அப்போது பிரேம் மாற்றத்தான் வேண்டும். இவற்றில் இறங்கும் அடி தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் மூட்டில் போய் விழுகிறது. வீதிப் பிக்சி ஒன்றில் அந்த இடம் வேகத்துக்காகவும் பாரம் குறைக்கவும் செய்யப்பட்டது.

இப்போதே ஒருதரம் சைக்கிளைத் தலைகீழாக வைத்து, அந்த மூட்டின் அடிப்பக்கத்தை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ற் குறுக்காகச் சுருங்கி, விரலால் தடவினால் சின்ன மடிப்பு மாதிரித் தட்டுப்பட்டால் குழாய் ஏற்கெனவே நசுங்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பிரேமை ஓடும் சைக்கிள் என்று யாருக்கும் விற்கக்கூடாது. சாமானைக் கழற்றி விற்றுவிட்டு, பிரேமைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

மீன் பெட்டிச் சைக்கிள் வாதம்

பிரேம் என்று வாயெடுத்தால் ஊரில் ஒரு பெரியவராவது சொல்வார்: "மனே, மீன் பெட்டி கட்டுற சைக்கிளப் பாரு, எவ்வளவு பாரம் தாங்குது. அதில ஒண்ட எடன்." அந்தக் கனத்த கம்பிப் பிரேக் சைக்கிள் பாரம் தாங்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது தாங்குவது மேலிருந்து கீழே, பின் கரியரில், ஆடாமல் அசையாமல் இருக்கும் பாரத்தை. ட்ரிக்கில் உங்கள் எடையின் பல மடங்கு ஒரு நொடிக்குள், அதுவும் முன் போர்க்கைப் பின்னுக்குத் தள்ளும் திசையில் வருகிறது. தலைக்குழாய் நன்றாகச் சாய்ந்திருப்பதால் அந்தச் சைக்கிளின் ஹாண்டிலும் சட்டென்று திரும்பாது. சுமைக்கு அது ராசா. குதிக்க அது ஆகாது.

எந்த உலோகம் என்ற கேள்விக்கு என் பதில் 4130 குரோமோலி. குரோமியமும் மொலிப்டினமும் சிறிதளவு கலந்த உருக்கு அது. சாதாரண ஹைடென் உருக்கை விட வலு கூட, அதனால் மெல்லிய குழாயிலேயே அதே பலம் வரும். ஹைடென் பிரேமை ஒரேயடியாகத் தள்ளிவிடத் தேவையில்லை. பாரம் கூட, அடிபட்டால் வளையும், ஆனால் பெரும்பாலும் எச்சரிக்கை கொடுத்துத்தான் போகும். அலுமினியத்தைத்தான் நான் ட்ரிக்குக்கு எடுக்கமாட்டேன். உருக்குக்கு ஓர் எல்லைக்குள் எத்தனை தடவை அடி விழுந்தாலும் களைப்பு வராது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே இல்லை, ஒவ்வொரு அடியும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். போதாததற்கு, வெடித்த அலுமினியத்தை இங்கே கேற் செய்யும் வெல்டிங் கடையில் ஒட்ட முடியாது. ஒட்டினாலும் சூடு பட்ட இடத்தில் பழைய பலம் திரும்பாது. பிரேம் எதனால் ஆனது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் உருக்கு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். குரோமோலியா ஹைடெனா என்பதைக் காந்தம் சொல்லாது. அதற்குச் சீட் குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரும் இல்லையென்றால் ஹைடென் என்றே கருதி விலை பேசுங்கள்.

ட்ரிக்குக்கென்று செய்த பிரேமைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். தலைக்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவில் ஒரு மூட்டுத் தகடு வைத்து வெல்ட் செய்திருப்பார்கள். பின் அச்சு உட்காரும் தகடு தடித்து இருக்கும், பலவற்றில் பி.எம்.எக்ஸ். என்ற சின்னச் சில்லுக் குதிப்புச் சைக்கிள் போல 14 மி.மீ. அச்சு போகும் அளவுக்கு வெட்டியிருப்பார்கள். மேல் பார் பின்னுக்குச் சரிந்து இறங்கும். பின்பக்கத்தில் கொழுத்த டயர் போக இடம் இருக்கும்.

டேப்பை எடுங்கள்: ஹாண்டில் சுற்றும் கணக்கு

ஆக்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பலமான பிரேம் என்று வாங்கி வந்து ஹாண்டிலைச் சுற்றினால் சில்லு சப்பாத்தில் முட்டும், அல்லது கீழ்க்குழாயில் இடிக்கும். வாங்குவதற்கு முன்பே இதைக் கணக்குப் பார்த்துவிடலாம்.

பெடல் அச்சின் (இரண்டு கிராங்கும் சேரும் அச்சு) நடுவிலிருந்து முன்சில்லு அச்சின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். இதற்கு முன்மையம் என்று பெயர் வைப்போம். இனி உங்கள் காலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கிராங் 165 மி.மீ. என்றும், பெடலின் நடுவுக்கு முன்னால் சப்பாத்து 100 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் வைத்தால் மொத்தம் 265. வீதிப் பிக்சிகளில் வரும் பெரிய 700சி ரிம்மில் 28 மி.மீ. டயர் போட்ட சில்லின் ஆரை ஏறக்குறைய 339. இரண்டையும் கூட்டினால் 604 மி.மீ. முன்மையம் அதைவிடக் குறைவென்றால் சப்பாத்து நுனியும் டயரும் சந்திக்கும். சிறிய அளவு வீதிப் பிக்சிகள் பலவற்றில் இது 570க்கும் 590க்கும் இடையில்தான் இருக்கிறது. வீதியில் வளையும்போது எப்போதாவது கால் தட்டுவது உங்களுக்கும் பழகியிருக்கும். வீதியில் அது சின்னத் தொல்லை. ஹாண்டில் சுற்றும்போது அதுவே விழுகை.

இதே கணக்கை 26 அங்குல ரிம்மில் 2.1 அங்குல டயருக்குப் போட்டால் ஆரை ஏறக்குறைய 333, 700சியில் 42 மி.மீ. டயருக்கு 353. ட்ரிக் ஓட்டுபவர்கள் பலர் 26க்கு மாறியதற்கு இது ஒரு காரணம். கொழுத்த டயரையும் போட்டுக்கொள்ளலாம், காலுக்கும் இடம் மிஞ்சும். இன்னொரு காரணம் எங்கள் ஊருக்கே உரியது. 26 அங்குல டயரும் டியூபும் களுவாஞ்சிக்குடியிலும் கிடைக்கும், கல்முனையிலும் கிடைக்கும். 700சியில் 42 வேண்டும் என்றால் ஓடர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கீழ்க்குழாயில் இடிப்பது போர்க்கின் வளைவால். வீதிப் போர்க்கில் அச்சு 43 மி.மீ. அளவில் முன்னுக்குத் தள்ளி இருப்பது சாதாரணம். ஹாண்டிலைப் பாதிச் சுற்றுத் திருப்பினால் அந்த 43 முன்னுக்கு இருந்தது பின்னுக்குப் போகும், அதாவது சில்லு ஏறக்குறைய 86 மி.மீ. பிரேமை நோக்கி வந்துவிடும். ட்ரிக் போர்க்கில் இந்தத் தள்ளலைக் குறைத்திருப்பார்கள். ஆகவே பிரேமோடு அதற்குரிய போர்க்கையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய போர்க்கைக் கழற்றிப் புதிய பிரேமில் மாட்டலாம் என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பின் அச்சு வெட்டு, ஹப் அகலம்

பிக்சட் கியருக்கு ஒரு கட்டாயம் உண்டு. பின் அச்சு முன்னும் பின்னும் நகர வேண்டும், அதனால்தான் செயினை இழுத்து இறுக்க முடியும். அச்சு உட்காரும் வெட்டு கிடையாக இருக்கிறதா, நேரே கீழ்நோக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரே கீழ்நோக்கி இருந்தால் கையைக் கழுவிவிடுங்கள். "ஸ்பிரிங் வைத்த செயின் இறுக்கி போட்டால் சரி" என்று கடையில் சொல்வார்கள். மிதிக்காமலும் உருளும் பிரீவீல் சைக்கிளுக்கு அது சரிதான். பிக்சட்டில் நீங்கள் பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது இழுவை செயினின் கீழ்ப்பக்கத்துக்கு மாறும். அந்த ஸ்பிரிங்கைப் பிய்த்துக்கொண்டு போகும், செயினும் கழன்றுவிடும்.

அடுத்தது பின் போர்க்கின் உள் அகலம். பிக்சட் ஹப் 120 மி.மீ., பி.எம்.எக்ஸ். 110, கியர் வைத்த பழைய ரோட் சைக்கிள் பெரும்பாலும் 130, பழைய மவுண்டன் சைக்கிள் பெரும்பாலும் 135. உங்கள் 120 ஹப்பை வைத்துக்கொள்ள எண்ணினால் 120 பிரேமாகவே பாருங்கள். பெடல் அச்சுக் குழாயும் அப்படித்தான். வீதிப் பிக்சிகளில் 68 மி.மீ. அகலத்தில் உள்ளே மரை வெட்டிய குழாய் இருக்கும். ட்ரிக் பிரேம்கள் பலவற்றில் பி.எம்.எக்ஸ். காரர்கள் மிட் என்று சொல்லும் மரையில்லாத, போல்ஸ் பெயாரிங்கை அடித்து இறக்கும் குழாய். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அப்படியான பிரேமை எடுத்தால் உங்கள் கிராங் செட்டும் விற்பனைக்குப் போகிறது என்று அர்த்தம்.

கிழக்கில் கையில் கிடைக்கக்கூடியவை மூன்று வகை. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும் பிக்சட் ட்ரிக் பிரேம் முதலாவது. பொருள் அருமையானது, ஆனால் கப்பல் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்த்த முழு விலையைக் கேட்டு அறிந்த பிறகுதான் ஓடர் போடவேண்டும். இரண்டாவது, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களுக்குள் அகப்படும் பழைய குரோமோலி மவுண்டன் சைக்கிள் பிரேம். கிடையான வெட்டோடு வருவதும் உண்டு, பொறுமையாகத் தேட வேண்டும். 135 அகலத்துக்கு வேறு ஹப் கட்டவேண்டிவரும். மூன்றாவது பி.எம்.எக்ஸ். உண்மையைச் சொன்னால், பிக்சட் என்பது உங்களுக்கு ஒரு பிடிவாதமாக இல்லாவிட்டால், குதிப்பதும் சுற்றுவதும்தான் ஆசை என்றால், 20 அங்குல பி.எம்.எக்ஸ். ஒன்றை எடுத்துவிட்டுப் போவது காசுக்கும் உடம்புக்கும் நல்லது. பிக்சட்டில் ட்ரிக் செய்வதன் ருசி வேறு, பின்னுக்கு ஓடவும் முடியும் என்பதுதான் அதன் முழுக் கதையும். அந்த ருசி பிடித்தவர்களுக்குத்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம்.

எது தங்கும், எது போகும்

பிரேம் முடிவானதும் இருக்கிற சைக்கிளின் சாமானை இரண்டாகப் பிரியுங்கள். அகலமான பெடலும் கால் பட்டியும் தங்கட்டும். பிக்சட்டில் கால் பெடலை விட்டுக் கழன்றால் ஆபத்து, நல்ல பட்டி இங்கே எளிதில் கிடைக்காது. ஹப்பும் பின் பற்சில்லைக் கழலாமல் பிடிக்கும் லொக் ரிங்கும் நல்லதென்றால், அகலமும் பொருந்தினால், தங்கட்டும். ஒடுங்கிய ரிம், 23 அல்லது 28 டயர், மெல்லிய போர்க், நீண்ட சீட் கம்பி எல்லாம் சைக்கிளோடு போகலாம். முன்பக்கப் பெரிய பற்சில்லும் போகலாம். வீதியில் 46க்கு 16 என்று, அதாவது முன்னுக்கு 46 பல்லும் பின்னுக்கு 16 பல்லும் வைத்து, ஓடியிருப்பீர்கள். ட்ரிக்குக்கு 28க்கு 18, 25க்கு 16 என்ற அளவுதான் கைக்கு அடங்கும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் முன்னதில் மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் போவீர்கள், பின்னதில் 18 கி.மீ.கூட வராது. களுவாஞ்சிக்குடியிலிருந்து தினமும் டவுனுக்கு வேலைக்கு வருபவர் ஒரே சைக்கிளில் இரண்டையும் செய்ய நினைத்தால் கால் ஓய்ந்துவிடும். அப்படியானவர் பிக்சியை விற்காமல் வைத்திருப்பதையும் யோசிக்கலாம்.

பலர் ஒவ்வொரு சாமானாகக் கழற்றி விற்றால் கூடக் காசு வரும் என்பார்கள். கொழும்பில் அது சரி, அங்கே பிக்சட் சாமான் தேடும் ஆக்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடக்கூடிய சைக்கிளாகத்தான் வாங்குவார்கள். நல்ல சாமானை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் மலிவான ஆனால் ஒழுங்கான சாமானைப் போட்டு, ஓடும் நிலையில் விற்பதுதான் இங்கே சரிவரும்.

பிரீவீல் போட்டு விற்றால் வாங்குபவர்கள் கூடுவார்கள்

பின்ஹப்பில் இரண்டு பக்கமும் மரை இருக்கிறதா என்று பாருங்கள். பல பிக்சிகளில் ஒரு பக்கம் பிக்சட்டுக்கும் மறுபக்கம் பிரீவீலுக்கும் இருக்கும். பிரீவீல் ஒன்றைச் சுற்றிப் போட்டு, முன் பின் இரண்டு பிரேக்கும் மாட்டினால், அது வந்தாறுமூலை கம்பஸ் மாணவருக்கும் ஒலுவில் கம்பஸ் மாணவருக்கும் வகுப்புக்குப் போகிற அழகான இலகுவான சைக்கிள். மாட்டாவிட்டால் அது உங்களைப்போல நாலு பேர் மட்டும் கேட்கிற சாமான். பிரீவீலுக்கும் இரண்டு பிரேக்குக்கும் ஆகும் செலவு விலையில் திரும்பி வரும். பின் பிரேக் போட பிரேமில் துளை இல்லாத மாடல் என்றால் முன் பிரேக்கோடு பிக்சட்டாகவே விற்க வேண்டியதுதான்.

பிரீவீலை வெல்டிங் அடித்து பிக்சட் ஆக்கிய சைக்கிள்களும் ஓடித்திரிகின்றன. உங்களுடையது அப்படி என்றால் கட்டாயம் சொல்லி விற்க வேண்டும். உண்மையான பிக்சட் ஹப்பில் பற்சில்லு வலப்பக்கம் சுற்றி இறுகும், அதற்கு வெளியே லொக் ரிங் இடப்பக்கம் சுற்றி இறுகும். பின்னுக்கு அழுத்தும்போது பற்சில்லு கழலப் பார்த்தால் லொக் ரிங் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் அடித்ததில் அந்தக் காவல் இல்லை. பின்னுக்கு ஒரு பலமான அழுத்தம் போதும், முழுவதும் கழன்று ஓடிவிடும். பிரேக்கும் இல்லாவிட்டால் நிறுத்த வழியில்லை.

துடைக்கும்போது விரல் கவனம்

விற்பனைக்கு முன் கழுவுவது எல்லாருக்கும் தெரியும். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் உப்புக் காற்று எதையும் விடாது. போல்ட் தலை, கம்பி முடிச்சு, செயின் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவி, காய விட்டு, எண்ணெய் போடுங்கள். சீட் கம்பியைக் கழற்றிப் பிரேமைக் கவிழ்த்துத் தட்டினால் உள்ளே இருக்கும் துருத் துகள் கொட்டும். கொஞ்சம் செம்மண் நிறத் தூள் வருவது சாதாரணம், தகடாகக் கொட்டினால் அதையும் வாங்குபவருக்குச் சொல்லுங்கள். ஐப்பசி தொடங்கி மாரி முழுக்க வெளியே நின்ற சைக்கிள் என்றால் பெடல் அச்சுக் குழாயைத் திறந்து பார்க்காமல் விற்கவேண்டாம்.

ஆனால் ஒன்று. பிக்சட்டில் சில்லைச் சுழல விட்டு, துணியால் செயினைப் பிடித்துத் துடைக்கவே கூடாது. பிரீவீல் சைக்கிளில் துணி சிக்கினால் பெடல் நின்றுவிடும். பிக்சட்டில் நிற்காது. சுழலும் சில்லின் முழு வேகமும் செயினில் இருக்கும், துணியோடு விரலையும் பற்சில்லுக்குள் இழுத்துவிடும். விரல் நுனி துண்டாவது இப்படித்தான். சில்லை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, ஓரிடம் துடைத்து, கையை முழுதாக எடுத்துவிட்டு, பிறகு நகர்த்துங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சைக்கிளைத் தலைகீழாக வைத்துவிட்டு உள்ளே போகவேண்டாம்.

செயின் தேய்வை ஒரு அடிமட்டத்தால் பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு பின்னின் நடு வரவேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி வந்தால் செயின் மாற்றும் காலம், எட்டில் ஒரு பங்கு தள்ளினால் பற்சில்லும் தேய்ந்திருக்கும். சறுக்கி நிறுத்தி ஓடியவர்கள் பின் டயரையும் பாருங்கள். எப்போதும் ஒரே காலை முன்னுக்கு வைத்து 48க்கு 16 ஓடியிருந்தால் டயரில் ஒரே இடத்தில்தான் சறுக்கல் விழும், அந்த இடம் நூல் தெரியத் தேய்ந்திருக்கும். 47க்கு 17 என்றால் பதினேழு இடத்துக்குப் பிரிந்து போகும். தேய்ந்த டயரைப் புதிதாக மாற்றிவிட்டுப் படம் எடுங்கள், விலையில் தெரியும்.

படமும் விளம்பரமும்

செயின் இருக்கும் வலப்பக்கம் தெரிய, கிராங் கிடையாக, பின்னால் வெறும் சுவர். காலை வெயில் போதும். பழைய கல்லடிப் பாலத்தில் வைத்து எடுத்தால் படம் அழகு, ஆனால் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே சைக்கிள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முழுப் படம் ஒன்று, பின்ஹப் கிட்டே, தலைக்குழாய் மூட்டு கிட்டே, டயர் தேய்வு, கீறல் இருந்தால் கீறல். கீறலை மறைத்தால் ஆள் வந்து பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார், காட்டினால் விலைக்குள் அடங்கிவிடும். பெடல் அச்சுக் குழாயின் அடியில் இருக்கும் இலக்கத்தைப் படத்தில் காட்டவேண்டாம். உங்களிடம் மட்டும் குறித்து வைத்திருங்கள்.

விளம்பரம் இப்படி இருக்கலாம்:

"பிக்சட் கியர் சைக்கிள். ஹைடென் உருக்கு பிரேம், சீட் குழாய் 52 செ.மீ. 5 அடி 4 முதல் 5 அடி 8 வரை உயரமானவருக்குச் சரி. இப்போது பிரீவீலும் இரண்டு பிரேக்கும் போட்டிருக்கு, விரும்பினால் பிக்சட்டாக மாற்றித் தருவேன். பின் டயரும் செயினும் புதிது. வலப்பக்கம் பின் போர்க்கில் பெயின்ற் கீறல், படத்தில் இருக்கு. குதித்து ஓடாத சைக்கிள். மட்டக்களப்பு டவுனில் பார்க்கலாம்."

குதித்த சைக்கிள் என்றால் கடைசிக்கு முந்தின வரியை எழுதாதீர்கள். எழுதாமல் விடுவது மட்டும் போதாது, கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லவும் வேண்டும்.

இக்மன் விளம்பரத் தளம், பேஸ்புக் இரண்டிலும் போடுங்கள். அறுகம்பைக்கு ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்கு வரும் வெள்ளைக்காரர்கள் எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அவர்கள் தேடுவது சறுக்குப்பலகை கட்டக்கூடிய, மணலில் ஓடக்கூடிய சைக்கிள். ஒல்லி டயர் பிக்சியை நம்பிப் பொத்துவில் வரை போகவேண்டாம்.

விலைக்கு ஒரே விதி: அதே காசுக்குப் புது லுமாலா எது வரும் என்று வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்ப்பார், நீங்களும் முதலே பார்த்து வையுங்கள். மனதில் உள்ள விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு வைத்துச் சொன்னால் பேசி இறங்க இடம் இருக்கும். "தம்பி, கடைசி விலை என்ன?" என்று படத்தைப் பார்த்ததும் வட்ஸ்அப்பில் கேட்பவருக்குக் கடைசி விலை சொல்லவேண்டாம். "வந்து பாருங்க அண்ணன், பாத்திட்டுக் கதைப்பம்" என்றால் போதும். உண்மையில் வாங்க நினைப்பவர் வருவார்.

ஓடிப் பார்க்கக் கொடுக்கும்போது

பிக்சட்டாகவே விற்கிறீர்கள் என்றால் இதுதான் ஆபத்தான கட்டம். பிக்சட் ஓடிப் பழக்கமில்லாதவர் பத்து மீற்றர் போனதும் வழக்கம்போல மிதிப்பதை நிறுத்துவார். பெடல் நிற்காது, காலைத் தூக்கி எறியும், ஆள் ஹாண்டிலுக்கு மேலே போவார். முதலில் பின்சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிக் காட்டி, பெடல் தானாகச் சுற்றுவதை அவர் கண்ணால் பார்க்க வையுங்கள். முன் பிரேக் கட்டாயம் இருக்கவேண்டும். கால் பட்டியைக் கழற்றிவிடுங்கள். சாரத்தோடு வந்தால் ஓடக் கொடுக்கவே வேண்டாம், செயின் சாரத்தை விழுங்கினால் நிறுத்தவும் முடியாது. வாகனம் இல்லாத ஒழுங்கையில், நீங்கள் பக்கத்தில் நடந்து வர, மெதுவாக ஓடட்டும்.

தெரியாத ஆள் என்றால் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். காந்தி பூங்காப் பக்கம் வசதி. பேங்குக்குப் போட்டாச்சு என்று சிலிப்பின் படத்தைக் காட்டினால் அதை நம்பிச் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் காசு விழுந்ததை நீங்களே பார்க்க வேண்டும்.

ஒரு தாளில் திகதி, விலை, பிரேம் இலக்கம், இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்து வையுங்கள். பிறகு அந்தச் சைக்கிள் எங்காவது சிக்கலில் அகப்பட்டால் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். நீங்கள் பிரேம் வாங்கும்போதும் இதே தாளைக் கேளுங்கள். இலக்கத்தைச் சுரண்டி அழித்த பிரேம் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பாவித்த பிரேமை நூலால் பார்ப்பது

பிரேம் கையில் வந்ததும் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நீளமான நூலும் அடிமட்டமும் போதும். பின் அச்சு உட்காரும் ஒரு பக்க வெட்டில் நூலைக் கட்டி, முன்னுக்கு இழுத்துத் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க வெட்டில் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீட் குழாயின் இரு பக்கமும் நூல் ஓடும். குழாயிலிருந்து நூல் வரை இடமும் வலமும் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் பிரேமின் பின்பக்கம் கோணிவிட்டது.

வெடிப்புக்கு: கொஞ்சம் பஞ்சை எடுத்து மூட்டுகளைச் சுற்றித் தடவுங்கள். தலைக்குழாயின் கீழ், பெடல் அச்சுக் குழாயைச் சுற்றி, பின் அச்சுத் தகடு சேரும் இடம், சீட் குழாயின் வாய். பஞ்சு நார் மாட்டிய இடத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். பெயின்ற் மட்டும் வெடித்திருந்தால் நகம் வழுக்கும், உலோகம் வெடித்திருந்தால் பிடிக்கும். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து ரயில் பார்சலிலோ பஸ்ஸிலோ எடுப்பிக்கிறீர்கள் என்றால், காசு போடுவதற்கு முன் இந்த நூல் சோதனையை வீடியோவில் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். நல்ல பொருளை விற்பவர் மறுக்கமாட்டார்.

பூட்டுவது

பிரேமுக்குள் எண்ணெய் தெளித்து, ஒரு நாள் திருப்பித் திருப்பி வையுங்கள். எங்கள் காற்றுக்கு இது கட்டாயம். மரைகள் எல்லாவற்றுக்கும் கிறீஸ். இடப்பக்கப் பெடலும், மரை வெட்டிய பெடல் அச்சுக் குழாயின் வலப்பக்கக் கிண்ணமும் எதிர்த்திசையில் இறுகும் என்பதை மறந்துவிட்டால் புதுப் பிரேமின் மரை அன்றைக்கே போய்விடும்.

சில்லு 32 அல்லது 36 கம்பி, இரட்டைச் சுவர் ரிம். பலமான பிரேமை வாங்கிப் பழைய ஒற்றைச் சுவர் ரிம்மைப் போட்டால் முதல் குதியிலேயே அது முறுக்கு மாதிரி வளையும். 14 மி.மீ. வெட்டில் 10 மி.மீ. அச்சை வைக்க இடைவளையம் வேண்டும், வெறும் வொஷரைப் போட்டு இறுக்கினால் அச்சு வழுக்கும்.

செயினை நடுவில் விரலால் அமர்த்தினால் அரை அங்குலம் அளவுக்கு ஆடட்டும். பற்சில்லு எப்போதும் சரியான வட்டமாக இருப்பதில்லை. அதனால் கிராங்கை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கே செயின் அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்து அளவு பாருங்கள்.

முதல் கொஞ்ச நாள் குதிக்கவேண்டாம். மேட்டில் பலமாக மிதித்துப் பற்சில்லு இன்னும் கொஞ்சம் இறுகட்டும், மட்டக்களப்பில் அதற்குப் பாலத்து ஏற்றம்தான் இருக்கிறது. பிறகு வீட்டுக்கு வந்து லொக் ரிங்கை அதற்குரிய சாவியால் மறுபடி இறுக்குங்கள். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டினால் லொக் ரிங்கில் சாவி பிடிக்கும் வெட்டு உடைந்துவிடும், அடுத்த தடவை எந்தச் சாவியும் பிடிக்காது. ஹாண்டில் திரும்பும் பெயாரிங்கான ஹெட் செட்டைப் பார்க்க முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டக்" என்று கைக்குத் தட்டுப்பட்டால் தளர்வு, குதிப்பதற்கு முன் இறுக்க வேண்டும்.